அலமாரியில் இருந்த வெள்ளைக் கல்



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். இதில் ஒரு வரலாறும் இருக்கிறது, உங்களிடம் நான் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பும் இருக்கிறது. முதலில் மன்னிப்பு.

என்னிடம் நான்காவது, ஐந்தாவது படித்தவர்களுக்கு அறிவியல் அலமாரியின் மேல்தட்டு ஞாபகம் இருக்கும். பாதரசம் இறங்காத ஒரு வெப்பமானி, கால் உடைந்த பூதக்கண்ணாடி, பாட்டிலில் ஒரு பச்சைப் பாம்பு. அதற்குப் பக்கத்தில் மான்கொம்பு மாதிரி கிளை கிளையாக ஒரு வெள்ளைக் கல். 1980களில் பிள்ளைகளை ராமேஸ்வரம் சுற்றுலா கூட்டிப்போனபோது கோயில் பக்கத்துக் கடையில் நான் வாங்கியது. வண்டியில் உடைந்துவிடக்கூடாது என்று துண்டில் சுற்றி ஊர் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அப்புறம் வருஷா வருஷம் அதைக் கையில் தூக்கிக்காட்டி, "இது கடல் செடி. காய்ந்தால் கல்லாகிவிடும்" என்று பாடம் சொன்னேன்.

ஒரு வருஷம் முதல் பெஞ்சில் இருந்த பெண் எழுந்து, "செடின்னா இலை எங்க சார்?" என்று கேட்டாள். "உக்காரு, அப்புறம் சொல்றேன்" என்றேன். அந்த அப்புறம் முப்பது வருஷம் கழித்து இன்றைக்குத்தான் வருகிறது. அது செடி அல்ல, கல்லும் அல்ல. பவளம் என்பது ஒரு பிராணி. ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிப் பிராணிகள் ஒட்டி வாழும் குடியிருப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய், அதைச் சுற்றிக் கொட்டும் உணர்விழைகள். உடம்புக்குள் நுண்ணிய பாசியைக் குடிவைத்துக்கொண்டு, அது வெயிலில் சமைக்கும் சாப்பாட்டில் பங்கு வாங்கி, அடியில் சுண்ணாம்பில் வீடு கட்டிக்கொண்டே போகும். நான் தூக்கிக்காட்டியது செத்தவர்களின் வீடு. உயிரோடிருந்தபோது அது வெள்ளையாகவே இருந்திருக்காது. அந்தப் பெண் இதைப் படித்தால், நீ கேட்டது சரியான கேள்வி அம்மா.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், நான் செய்த ஒரு கொலையால்.

உறவுகளுக்குத் தெரியும், என் தம்பி குடும்பம் பிரான்சில் இருக்கிறது. தம்பி மனைவி வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை. காரைக்காலில் இப்படி வீட்டுக்கு ஒருவராவது பாரிசில் இருப்பார்கள், அது பெரிய செய்தி இல்லை. தம்பி மகன் வீட்டுக் கூடத்தில் நானூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறான். அதற்குள் கடல்நீர், பாறை, மீன், எல்லாவற்றுக்கும் மேலாக உயிருள்ள பவளங்கள். ஆறு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. அந்த நாட்டில் பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகளைக் கடையில் முறையாக வாங்கலாம். நம் நாட்டில் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு மாதம் அங்கே தங்கியிருந்தேன். அவன் பிறந்தநாளுக்கு ஏதாவது வாங்கித் தரவேண்டும் என்று நானே கடைக்குப் போய், கட்டைவிரல் அளவில் பச்சை நிறத்தில் ஒரு மான்கொம்புப் பவளத் துண்டு வாங்கிக் கொடுத்தேன். "பெரியப்பா, இதை ஒன்றரை மாசம் தனித்தொட்டியில வச்சுட்டுத்தான் உள்ள விடணும்" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் ஊருக்குப் போறதுக்குள்ள உள்ள வச்சுப் பார்க்கணும்டா." பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை. ஒரு மருந்துத் தண்ணீரில் பத்து நிமிஷம் முக்கியெடுத்து, அன்றைக்கே உள்ளே வைத்துவிட்டான். நான் போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் போட்டோவை இந்த முகநூலில் போட்டு நீங்கள் எல்லோரும் விருப்பக்குறி போட்டீர்கள்.

நான் ஊர் திரும்பி சில வாரங்களில் அவனுடைய பழைய பவளங்களில் உருண்டை உருண்டையாக வெள்ளைப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. மான்கொம்புப் பவளத்தையே தின்று வாழும் ஒரு தட்டைப்புழு. பவளத்தின் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குப் படாது. மருந்துத் தண்ணீரில் புழு உதிர்ந்திருக்கும். ஆனால் அடிப்பகுதியில் அது ஒட்டிவைத்திருந்த முட்டைகளை அந்த மருந்து ஒன்றும் செய்யாது. முட்டை பொரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஒன்றரை மாதம் தனியே வைக்கச் சொல்வது இதற்காகத்தான். மூன்று மாதத்தில் தொட்டியிலிருந்த மான்கொம்புப் பவளங்கள் அத்தனையும் போய்விட்டன. என்னிடம் அவன் சொல்லவேயில்லை. ஒருநாள் வீடியோவில் பேசும்போது அவன் மனைவி வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஒரு உயிரை அதன் கடலிலிருந்து எடுத்து இன்னொரு நீரில் விட்டவர்கள் யார் யார், எப்படி விட்டார்கள், என்ன ஆயிற்று என்று தேடினேன். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது, தெரியாததைப் பற்றி அழக்கூடாது, வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று.

வீட்டில் பவளம் வளர்த்ததில் பெயர் தெரிந்த முதல் ஆள் ஒரு குடும்பத் தலைவி. அன்னா தைன் என்ற லண்டன் அம்மையார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1846இல் டார்கி என்ற கடற்கரை ஊருக்குப் போன அம்மையார், அங்கே பாறையில் இருந்த சிறு பவளங்களைப் பார்த்து மயங்கி, ஒரு கல் ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். வண்டி ஆட்டத்தில் ஒன்றோடொன்று மோதி நசுங்கிவிடக்கூடாது என்று அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஊசி நூல் எடுத்து, பவளங்களை ஒரு பெரிய கடற்பஞ்சின் மேல் தைத்துவிட்டார். நம் வீட்டுப் பெண்கள் பூச்சரத்தை நார்ப்பந்தில் கட்டுவது மாதிரி. புதுக் கடல்நீர் கிடைக்காமல் போனபோது, திறந்த ஜன்னல் முன்னால் நின்று அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரைமணி முக்கால்மணி ஊற்றி ஊற்றி ஆற்றச் சொன்னார். டீக்கடை மாஸ்டர் டீ ஆற்றுவதுதான். காற்று கலந்து நீர் உயிர்பெறும். ஆற்றியது அம்மையார் இல்லை, வீட்டு வேலைக்காரப் பெண். அவள் பெயரை எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை. அடுத்த ஆண்டு கடற்பாசியையும் தொட்டிக்குள் சேர்த்து, பாசி விடும் பிராணவாயுவில் பவளங்கள் வாழும்படி செய்துவிட்டார். அவை மூன்று வருஷம் இருந்து குட்டியும் போட்டன. இந்தப் பொறுமைக்குப் பிறகுதான் 1853இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் கூடம் திறந்ததும், ஊரெல்லாம் கண்ணாடித் தொட்டி மோகம் பரவியதும்.

நம்மூரில் 1909இல் சென்னை மெரினாவில் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடியது. அதைத் திட்டமிட்ட எட்கர் தர்ஸ்டன், அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்தபோது ராமேஸ்வரம் பக்கம் போய் மன்னார் வளைகுடாவின் உயிரினங்களைப் பற்றி எழுதியவர். அந்தப் பக்கத்தில்தான் குருசடைத் தீவு இருக்கிறது, பாம்பனுக்கு எதிரில். விலங்கியல் படித்த என் மாணவர்கள் அங்கே கல்விச் சுற்றுலா போயிருப்பீர்கள். 1927இலேயே சென்னை அருங்காட்சியகம் அந்த ஒரு குட்டித்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்டது.

நமக்குத்தான் இங்கே பவளம் இல்லை. கீழவாஞ்சூர்க் கடலில் இறங்கினால் முழங்கால் ஆழத்துக்குள் தண்ணீர் கலங்கிவிடும். காவிரியின் கிளைகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல். பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும், உள்ளே வெயில் போக வேண்டும். தெற்கே பாக் நீரிணை தாண்டி மண்டபம் போனால்தான் பவளம். அங்கிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பவளத்திட்டு. இதை "21 தீவுகள்" என்றுதான் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது எழுதினார்கள். ஆனால் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் இப்போது நீருக்குள். காரணம், பவளத்தை வெட்டியது. படகு படகாக வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள், ஆலைக்கு அனுப்பினார்கள், வீடு கட்டினார்கள். அலையைத் தடுத்து நின்ற பவளத்திட்டு போனதும் தீவின் மணலை அலை தின்றுவிட்டது.

இங்கேயும் எனக்கு ஒரு உறுத்தல். அந்தச் சுற்றுலாவில் உங்களை தனுஷ்கோடி இடிந்த தேவாலயத்தின் முன் நிறுத்தி, 1964 டிசம்பர் புயலைப் பற்றி ஒருமணி நேரம் பேசினேன். அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லவில்லை. அந்தச் சுவர் பவளக்கல்.

2001இல் கல்பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள், புலி யானைக்குச் சமமாக. பிடித்தால், விற்றால், வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. சென்னையில் வண்ணமீன் தொட்டி வைத்திருக்கும் என் மாணவர்கள் இருவர் இருக்கிறீர்கள். யாராவது "ராமநாதபுரத்துப் பவளம், உயிரோடு இருக்கு" என்று ரகசியமாகக் கொண்டுவந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

சட்டம் வந்த அடுத்த ஆண்டு, 2002இல், தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் அழிந்த இடங்களில் பவளத்தைத் திரும்ப நடத் தொடங்கினார்கள். நான் படித்ததிலேயே மனதுக்கு ஆறுதலாக இருந்தது இதுதான். எங்கோ தூரதேசத்திலிருந்து வேகமாக வளரும் ஜாதியைக் கொண்டுவரவில்லை. அதே வளைகுடாவில் நன்றாக இருக்கும் பவளத்திலிருந்து சிறு துண்டுகளை ஒடித்து, கடல்நீரிலேயே வைத்து எடுத்துப்போய், சிமெண்ட் பலகைகளிலும் சட்டங்களிலும் நைலான் நரம்பால் கட்டி, கடலடியில் நிறுத்தினார்கள். நாற்றங்காலில் இருந்து பறித்து நடவு செய்வது போலத்தான். நாற்றைப் பறித்தால் வெயிலில் வாடவிடாமல் அன்றே நட வேண்டும் என்று நம் வயல்காரர்களுக்குத் தெரியும். வேர் பிடிக்கிற வரைக்கும் ஆட்டக்கூடாது. பவளத்துக்கும் அதே கதை. கட்டு தளர்ந்தால் அலை ஆட்டும், ஆடினால் ஒட்டாது, ஒட்டாவிட்டால் சாகும். அன்னா தைன் ஊசி நூலில் செய்ததை இவர்கள் நைலான் நரம்பில் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நட்டுவிட்டு மறப்பதும் இல்லை. மறுபடி மறுபடி மூழ்கிப் போய் எது பிழைத்தது, எது வளர்ந்தது என்று அளந்து எழுதுகிறார்கள்.

அவ்வளவு கவனமாக இருந்தும் 2010இலும் 2016இலும் கோடைக் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. சூடு தாங்காமல் பவளம் தன் உடம்பிலிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும், அதுதான் வெளுப்பு. 2016க்கு முன் ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு அதன்பின் 23 விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. தூத்துக்குடி வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்கினார்கள்.

இனி மறுபக்கம். குருசடைத் தீவுக்கே திரும்ப வருகிறேன்.

கப்பாஃபைகஸ் என்று ஒரு கடற்பாசி. பிலிப்பைன்சைச் சேர்ந்தது. ஐஸ்கிரீமும் பற்பசையும் இறுகி நிற்கப் பயன்படும் கராஜீனன் என்ற பொருள் இதிலிருந்து வருகிறது. 1980களில் மத்திய அரசின் உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனம் இதை ஜப்பான் வழியாகக் கொண்டுவந்தது. அவர்களும் அவசரப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பழக்கி, குஜராத் கரையில் வளர்த்துப் பார்த்து, 1990களின் நடுவில்தான் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2000 வாக்கில் பெப்சி கம்பெனி சாகுபடியில் இறங்கியது. ராமேஸ்வரத்துப் பக்கம் அதற்கு இன்றும் "பெப்சி பாசி" என்றே பெயர். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித்துண்டு கட்டி, 45 நாளில் அறுவடை. மீன்பிடித் தடைக்காலத்திலும் நூற்றுக்கணக்கான பெண்கள் கையில் காசு பார்த்தது இதனால்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது.

ஆனால் 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்தப் பாசி குருசடைத் தீவின் கிளைப்பவளங்கள் மேல் படர்ந்து மூடியிருப்பதாக. மேலே பாசி மூடினால் பவளத்துக்கு வெயில் இல்லை, வெயில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பாசி சமைக்காது, பவளம் பட்டினியில் சாகும். இதே பாசியை 1970களில் ஹவாய்த் தீவின் கனேயோஹே விரிகுடாவில் ஆராய்ச்சிக்காக விட்டு, அங்கேயும் பவளத்தின் மேல் படர்ந்து, பிறகு பெரிய உறிஞ்சு குழாய் வைத்து அள்ளி, கடல் முள்ளெலிகளை மேயவிட்டுக் கட்டுப்படுத்த வேண்டிவந்தது. குருசடையில் எவ்வளவு பாதிப்பு என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இரு கட்சி உண்டு. என் கருத்தைக் கேட்டால், காத்திருந்தது சரி, ஆனால் காத்திருந்தபோது கேட்ட கேள்வி பாதிதான். "இது இங்கே பிழைக்குமா" என்று பத்து வருஷம் பார்த்தார்கள். "இது பிழைத்தால் பக்கத்தில் இருப்பது பிழைக்குமா" என்பதையும் அதே அளவு பார்த்திருக்க வேண்டும். பச்சைத் துண்டை வாங்கியபோது நானும் அது அழகாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். அதன் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வீட்டுத் தொட்டிக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான கதை மொனாக்கோவில் நடந்தது. காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர்கள் அந்த ஊரின் கடல் அருங்காட்சியகத்தைப் படத்தில் பார்த்திருப்பார்கள். 1910இல் திறந்தது, செங்குத்துப் பாறை மேல் கடலைப் பார்த்து நிற்கும். தொட்டிகளுக்கு அழகுக்காக வைத்த ஒரு பச்சைப் பாசி, பெயர் கவுலெர்பா. ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் காட்சியகத் தொட்டியில் வளர்ந்து குளிர் தாங்கப் பழகியது. அங்கிருந்து நான்சி, நான்சியிலிருந்து மொனாக்கோ. 1984இல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு அது தெரிந்தது. ஒரு சதுர மீட்டர் என்றால் நம் வீட்டு வாசல் கோலம். அன்றைக்கு ஒருவர் இறங்கிப் பிடுங்கியிருந்தால் முடிந்தது. யாரும் பிடுங்கவில்லை. அலெக்சாந்த்ர் மெய்னேஸ் என்ற பேராசிரியர் கத்திக்கொண்டே இருந்தார். எங்கிருந்து வந்தது என்ற வாதம் வருஷக்கணக்கில் நீண்டது, கடைசியில் 1998இல் மரபணுச் சோதனை தொட்டிப் பாசிதான் என்று காட்டியது. அதற்குள் அது மத்தியதரைக் கடலில் பல நாட்டுக் கரைகளில் படர்ந்துவிட்டது. அதே பாசி 2000இல் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு காயலில் தெரிந்தபோது அவர்கள் வாதம் பண்ணவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் விட்டு, ஆறு வருஷம் காவல் காத்து, 2006இல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

நம் கீழவாஞ்சூர் இந்த வரலாற்றில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். நம் துறைமுகத்தில்தான். 2009 முதல் கப்பல்கள் வருகின்றன. நிலக்கரியை இறக்கிவிட்டுக் காலியாகப் போகும் கப்பல் கவிழாமலிருக்க வயிற்றில் நம் கடல்நீரை நிரப்பிக்கொண்டு போகும். அந்த நீரோடு நம் கடலின் குஞ்சும் முட்டையும் புழுவும் எந்தத் தேசத்துக்கோ போகின்றன. அங்கே சரக்கு ஏற்றும்போது நீரைக் கொட்டுவார்கள். எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் "காக்கா ஆழி" என்று சொல்லி அலுத்துக்கொள்ளும் தென்னமெரிக்கச் சிப்பி இப்படிக் கப்பல் நீரில் வந்திருக்க வேண்டும் என்றுதான் சந்தேகிக்கிறார்கள். சேற்றை மூடி இறாலுக்கும் உள்ளூர்ச் சிப்பிக்கும் இடமில்லாமல் செய்கிறது. இதற்காக 2004இல் ஓர் உலக உடன்படிக்கை எழுதி, 2017 செப்டம்பரில்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். கரைநீரை நடுக்கடலில் மாற்ற வேண்டும், அல்லது சுத்திகரித்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பி மகன் முதல்நாளே ஒன்று சொன்னான்: "பெரியப்பா, கடைத்தண்ணி ஒரு சொட்டுகூட நம்ம தொட்டியில விழக்கூடாது."

இப்போது அவன் வீட்டுக்கு வருகிறேன். புழுவுக்கு உணவில்லாமல் செய்ய, தொட்டியில் மான்கொம்புப் பவளம் ஒன்றுகூட இல்லாமல் பல மாதம் சும்மா ஓட்டினான். எல்லாப் புழுவும் பட்டினியில் போய்விட்டது என்று உறுதியான பிறகு, இந்த ஆண்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறான். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. வீடியோவில் அவன் செய்வதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதலில் கையுறை, கண்ணாடி. சில பொத்தான் பவளங்களில் பாலிடாக்சின் என்று ஒரு கொடிய விஷம் உண்டு. ஹவாய்த் தீவில் அந்த நாளில் ஈட்டி முனையில் தடவிய விஷம், 1971இல்தான் வேதியியலார் பிரித்தெடுத்தார்கள். தொட்டிப் பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றி, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரி போனவர்கள் ஐரோப்பாவில் உண்டு. ஆகவே கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொடவே மாட்டான்.

பையைக் கட்டோடு தனித்தொட்டி நீரில் கால்மணி நேரம் மிதக்கவிட்டான், உள்ளே வெளியே சூடு ஒன்றாக. பிறகு உப்பை அளந்தான். கடலின் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. கடைநீருக்கும் தொட்டிநீருக்கும் வித்தியாசம் இருந்தால், குழாயில் சொட்டுச் சொட்டாகக் கலந்து சமப்படுத்துவான். அதற்குப் பிறகு மருந்து முழுக்கு, முழுக்கு நீரை உறிஞ்சியால் பீய்ச்சிப் பீய்ச்சி. உதிர்ந்து விழுந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்தான். இரண்டு புழு விழுந்தன! எனக்குக் கை நடுங்கியது. அவன் அமைதியாகத் துண்டின் அடியைத் திருப்பி, செத்த பகுதியில் பழுப்பாக ஒட்டியிருந்த முட்டைக் கூட்டத்தைக் காட்டினான். அந்தப் பகுதியை அப்படியே வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தைப் புதுக் கட்டையில் ஒட்டினான். கடைக்காரன் கொடுத்த கட்டையை எப்போதும் வைத்துக்கொள்வதில்லையாம். அப்புறம் தனித்தொட்டி. வாரம் ஒருமுறை திரும்ப முழுக்கு, திரும்பப் பூதக்கண்ணாடி. கடைசிப் புழு கண்ணில் பட்ட நாளிலிருந்து ஆறு வாரம் எண்ண வேண்டும். நடுவில் ஒன்று தெரிந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

வெளிச்சமும் அப்படித்தான். கடையில் எந்த விளக்கில் இருந்ததோ தெரியாது. நேராகப் பளீரென்ற விளக்கடியில் வைத்தால், மன்னார் வளைகுடாவில் கோடையில் நடப்பது கண்ணாடித் தொட்டியிலும் நடக்கும், வெளுத்துவிடும். ஆகவே முதலில் மங்கலான மூலை, கொஞ்சம் கொஞ்சமாக மேலே. பெரிய தொட்டிக்குப் போனாலும் பக்கத்துப் பவளத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைப்பான். பகலில் சாதுவாக இருக்கும் சில பவளங்கள் இரவில் நீண்ட இழைகளை வீசிப் பக்கத்திலிருப்பதைக் கொட்டிக் கொன்றுவிடும். "எல்லாருக்கும் எல்லை உண்டு பெரியப்பா" என்றான்.

இன்று அவன் எண்ணிக்கையில் 23ஆம் நாள். காலையில் அனுப்பிய படத்தில் துண்டின் நுனியில் ஊசிமுனை அளவு புது வெள்ளை வளர்ச்சி தெரிகிறது. நான் இங்கே தினத்தாள் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வருகிறேன். வீட்டுக்காரி எந்தத் தவணை என்று கேட்டாள்.

கடைசியாக ஒரு விசாரிப்பு. நம் பள்ளியில் இப்போது வேலை பார்க்கும் யாராவது இதைப் படித்தால், அந்த வெள்ளைக் கல் இன்னும் மேல்தட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள், வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள். வனத்துறைக்கு எழுதிக்கொடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கலாம், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். அதற்குள் ஒருநாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நானே வந்து அதைத் திரும்பக் காட்டுகிறேன், தலைமையாசிரியர் அனுமதித்தால்.